ஏணியை எடுத்த ஞாயிறு

என் கணவர் வெளியாட்கள் முன்னால் என்னை அடித்ததே இல்லை. அந்த ஞாயிறு வரை, இருபத்துநாலு வருஷத்தில் இந்த ஒரு விஷயத்தில் அவர் தவறியதில்லை. கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, டிவி சத்தத்தைக் கூட்டி வைத்த பிறகுதான் அடி. ஆனால் வசவுக்குக் கதவு வேண்டியிருக்கவில்லை. அதைத் தமிழில், சிரித்த முகத்தோடு, மெல்லிய குரலில் சொல்வார். மீன் சந்தையில் சொல்வார். லிஃப்டில் சொல்வார். துர்கா பூஜைப் பந்தலில் எல்லாருக்கும் கிச்சடி பரிமாறிக்கொண்டே, என் இலைக்கு வரும்போது குனிந்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். கல்கத்தாவில் எங்களைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. யாராவது “கீ போல்ச்சென் தாதா?” என்று கேட்டால், அண்ணன் என்ன சொல்கிறார் என்று கேட்டால், நான் “கிச்சு நா” என்பேன். ஒன்றுமில்லை.

அவர் கார்டன் ரீச் பக்கம் கப்பல் கட்டும் வேலையில் என்ஜினியராக இருந்தவர். கையில் வேலை சுத்தம். பேச்சில் அதைவிட சுத்தம். வங்காளம் அவருக்கு வங்காளிகளைப் போலவே வரும். எனக்குக் காய்கறிக்காரரிடமும் வேலைக்கு வரும் பெண்ணிடமும் பேசிப் பழகிய வங்காளம்தான். ஐம்பத்துநாலு வயதில் அவர் விருப்ப ஓய்வு எடுத்துக்கொண்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நியூ டவுனில் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கு வந்தோம். எங்கள் ஒரே மகள் அப்போது புனேயில் படிக்கப் போய்விட்டாள்.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு ஒரு ஆசை வந்தது. ஒரு பழைய மினிபஸ்ஸை வாங்கி, ஹவுராவில் பஸ் பாடி கட்டும் ஒரு பட்டறையில் கொடுத்து, உள்ளே கட்டில், அடுப்பு, மேஜை, சின்னக் குளியலறை எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினார். ஊர் ஊராகப் போய்க்கொண்டே, கம்பெனிகளுக்குக் கப்பல் வரைபடங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது திட்டம். அதற்கு எங்கே போனாலும் நெட் வேண்டும். சுந்தரவனத்துப் பக்கம் போனால் போனில் ஒரு கோடுகூட வராது. அதனால் வண்டிக் கூரையில் சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் ஒன்று மாட்டிவிடுவது என்று முடிவு செய்தார். எனக்கும் அது உபயோகம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் ஆன்லைனில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். என் வகுப்பை நினைத்து அவர் அதை வாங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

பட்டறையிலேயே டிஷ்ஷை மாட்டியிருக்க வேண்டியது. ஆனால் கூரையில் கேபிளுக்காக ஒரு துளையைத் தள்ளிப் போட்டுவிட்டார் என்று பட்டறை மிஸ்திரியை இவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். அந்த ஆளுக்கு இவர் வயதுதான் இருக்கும். அவர் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, “வண்டியை எடுத்துப் போங்க பாபு” என்று மட்டும் சொன்னாராம். இதை என் கணவரே வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார். அதனால் பின்பக்க இரும்பு ஏணி மாட்டாமல், டிஷ் அட்டைப் பெட்டியிலேயே இருக்க, வண்டி எங்கள் காம்ப்ளெக்ஸின் திறந்தவெளி பார்க்கிங்கில் வந்து நின்றது.

சைத்ர மாதத்துக் கடைசி ஞாயிறு, நம் பங்குனி. காலை பத்து மணிக்கே தரை கொதித்தது. மூன்று நாள் முன்பு அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்துத் திருகியிருந்தார். எதற்கு என்பது இப்போது நினைவில்லை. சாம்பாரோ, போனோ. மணிக்கட்டு வீங்கி, வளையல் ஏறாமல் இருந்தது.

“ஏட்டி, ஏணிய ஒழுங்கா பிடி” என்று சொல்லிவிட்டு அவர் ஏறினார். வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிய அலுமினிய ஏணி. நான் வலது கையால் பிடித்துக்கொண்டு, இடது முழங்கையை முட்டுக் கொடுத்து நின்றேன். அவர் கூரைமேல் நின்று போனை வானத்தைப் பார்த்துத் திருப்பித் திருப்பி, மரம் மறைக்கிறதா, கட்டிடம் மறைக்கிறதா என்று பார்த்தார். பிறகு டிஷ்ஷை எடுத்து வைத்தார். டிஷ் என்றால் கிண்ணம் மாதிரி இல்லை. சப்பையான வெள்ளைப் பலகை, பெரிய அரிவாள்மணைக் கட்டை அளவு. நாலு மூலைக்கும் நாலு துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையிலும் பசை வைத்து, அதன் மேல் போல்ட்டை முறுக்க வேண்டும். இல்லையென்றால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். ட்ரில்லிங் மெஷின் தகரத்தில் இறங்கும் சத்தம் என் பல்லில் கேட்டது. நாலு துளை போட்டு இரண்டு போல்ட் முறுக்கி முடித்தார்.

“பசை.”

இரண்டாவது ட்யூப் கீழே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நான் நாலு படி ஏறினேன். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நீட்ட வேண்டும். நீட்டியது வீங்கிய கை. பிடி நிற்கவில்லை. ட்யூப் வழுக்கித் தரையில் விழுந்தது.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே காலை நீட்டி, குதிகாலால் என் முகத்தில் உதைத்தார்.

வானமும் கிருஷ்ணசூடா மரமும் ஒரு சுற்றுச் சுற்றின. அடுத்து என் முதுகு சிமெண்டில் இருந்தது. மூக்கிலிருந்து வாய்க்குள் சூடாக இறங்கியது. முதல் மாடி பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண், பள்ளிக்கூடத்து டீச்சர், “பௌதி!” என்று கத்தினாள். இங்கே என்னை எல்லாரும் பௌதி என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி என்று அர்த்தம்.

“வழுக்கிட்டா, வழுக்கிட்டா” என்று என் கணவர் வங்காளத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு அதே சிரிப்போடு, அதே குரலில், என்னைப் பார்த்து, “எந்திரிட்டி சவத்து மூதி. நாலு பேரு பாக்காங்க. சிரி” என்றார்.

நான் எழுந்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. இதைப் பிறகு போலீஸும் கேட்டது, வக்கீலும் கேட்டார்: திட்டம் போட்டீர்களா? இல்லை. ஏணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்தேன். மணிக்கட்டில் உயிர் போனது. அதை வண்டியிலிருந்து விலக்கி, சாய்த்து, தரையில் கிடத்தினேன். அலுமினியம் சிமெண்டில் மோதிய சத்தத்துக்கு மூன்று நாலு பால்கனிகளில் தலை தெரிந்தது.

“என்னட்டி செய்த?” என்றார். நான் ஏதோ வேடிக்கை செய்தது மாதிரிதான் முதலில் சிரித்தார். “எடுத்து வை.”

நான் பத்தடி பின்னால் போய் நின்றேன். அவர் கூரை விளிம்புக்கு வந்தார். பத்தடி உயரம். கீழே பார்த்தார். பிறகு ஆரம்பித்தார். குரல் ஏறவில்லை. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

டீச்சர் கீழே ஓடி வந்துவிட்டாள். வாட்ச்மேன் வந்தார். சந்தையிலிருந்து திரும்பிய இரண்டு ஆண்கள் மீன் பையோடு நின்றார்கள். டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “கீ போல்ச்சென் தாதா?” என்று கேட்டாள்.

கிச்சு நா என்று சொல்ல வாயைத் திறந்தேன். வாயெல்லாம் ரத்தம். அதைத் துப்பிவிட்டுச் சொன்னேன்: “என்னைப் பிணம் என்கிறார்.”

மூதி என்பதற்கு வங்காளத்தில் என்ன சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். “அலக்ஷ்மி என்கிறார்” என்றேன். அது அவர்களுக்கு உடனே புரிந்தது. கூட்டத்தில் ஒரு பெண் “சீ” என்றாள்.

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. “கீழ வந்தேம்னா கழுத்த நெரிச்சிப் போட்டுருவேன் பாத்துக்கோ” என்றார். நான் அதையும் சொன்னேன். “உங்கம்ம செத்தன்னைக்கே உன்னையும் சேத்து எரிச்சிருக்கணும்.” அதையும் சொன்னேன். அடுத்து அவர் சொன்ன இரண்டை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்குச் சொன்னேன். என் ஓட்டை வங்காளத்தில், இலக்கணம் தப்பி, ஆனால் ஒரு வார்த்தை விடாமல். சொல்லச் சொல்ல என் குரல் பெரிதாகிக்கொண்டே போனது. மேலே ஆறாவது மாடிக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து கழன்று விழுவதை நான் பார்த்தேன். இருபத்துநாலு வருஷத்தில் வெளிச்சத்தில் அந்த முகத்தை வேறு யாரும் பார்த்ததில்லை. உடனே வங்காளத்துக்கு மாறினார். “உங்கள் பௌதிக்கு உடம்பு சரியில்லை. மனசு சரியில்லை. மாத்திரை போடவில்லை இரண்டு நாளாக. தயவுசெய்து ஏணியை வையுங்கள் தம்பி.”

வாட்ச்மேன் ஏணிப் பக்கம் ஒரு அடி வைத்தார். டீச்சர் நிமிர்ந்து, “மூக்கில் ரத்தம் எப்படி தாதா? நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்” என்றாள். வாட்ச்மேன் நின்றுவிட்டார்.

என் கணவர் பக்கத்தில் கிடந்த ட்ரில்லிங் மெஷினை எடுத்து என்மேல் வீசினார்.

தலைக்குத்தான் குறி. நான் திரும்பினேன், அது கழுத்துக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடிப்பது போல. வலி அப்புறம்தான் வந்தது. நான் முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். தலை நிமிர்த்தினபோது அவர் வண்டியின் முன் பக்கமாக, கண்ணாடி மேல் வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தார். வைப்பரில் கால் மாட்டி, பம்பரில் இடித்து, பக்கவாட்டில் விழுந்தார். எழுந்துவிட்டார். ஒரு கால் இழுத்தது. கையில் ஸ்பேனர் இருந்தது.

வாட்ச்மேன் குறுக்கே போய் அவரைக் கட்டிப் பிடித்தார். என் கணவர் ஸ்பேனரால் அவர் காதில் அடித்தார். காது கிழிந்து தொங்கியது. வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டு, குழந்தை மாதிரி “மா கோ”, அம்மா, என்று கத்தினார்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கல்கத்தாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மீன் பையோடு நின்றிருந்தவர் பையைக் கீழே போட்டார். தினமும் காலையில் என் கணவரோடு நடக்கப் போகிறவர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், செருப்பைக் கழற்றினார். கார் துடைக்கிறவர்கள் ஓடி வந்தார்கள். எதிர் பிளாக்கிலிருந்து முகம் தெரியாதவர்கள் வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர். முதலில் அறை. பிறகு உதை. அவர் விழுந்த பிறகும் உதை. அவருடைய கண்ணாடி நசுங்கியது. சட்டை கிழிந்தது. யாரோ தலைமுடியைப் பிடித்து வண்டிச் சக்கரத்தில் மோதினார்கள். அது ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். எனக்குப் பழகிய சத்தங்கள்தான் எல்லாம். வெளியிலிருந்து கேட்பது மட்டும் புதிது.

கால்களுக்கு நடுவே அவர் முகம் என் பக்கம் திரும்பியது. ஒரு கண் மூடியிருந்தது. “ஏட்டி” என்றார். “சொல்லுட்டி அவங்ககிட்ட. விடச் சொல்லு. செத்துருவேன்.”

செருப்போடு நின்ற பேங்க்காரர் கையை ஓங்கினபடி என்னைப் பார்த்து, “என்ன சொல்கிறான்?” என்று கேட்டார்.

“கிச்சு நா” என்றேன்.

செருப்பு இறங்கியது.

இதை நான் போலீஸிடம் சொல்லவில்லை. வக்கீலிடமும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஒரு நிமிஷம் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய். பரிதாபமாக இருந்தது என்றாலும் பொய். கழுத்தெலும்பு வெட்டி வெட்டி வலித்தது. ஒவ்வொரு உதையையும் நான் கவனமாகப் பார்த்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கடைசியில் டீச்சர்தான் உள்ளே பாய்ந்து, அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, “போதும், மனுஷன் செத்துப்போவான்” என்று அலறினாள். அவளுக்கும் இரண்டு உதை விழுந்தது. பிறகு எல்லாரும் விலகினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், செருப்பையும் மீன் பையையும் தேடினார்கள்.

போலீஸ் வந்தது. எங்கள் மூன்று பேரையும், அவரையும் என்னையும் வாட்ச்மேனையும், ஒரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். எமர்ஜென்சியில் எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு கட்டில். அவருக்கு மூன்று விலா எலும்பும் தாடையும் உடைந்திருந்தன. தாடையைக் கட்டிவிட்டதால் பேச முடியவில்லை. எக்ஸ்ரே வரிசையில் நான் உட்கார்ந்திருந்தபோது, நாலு மணி இருக்கும், கால்பைசாகி வந்தது, வங்காளத்துக் கோடைப் புயல். ஜன்னல் கதவுகள் அடித்து நொறுங்கின. வெளியே மரக்கிளை முறிந்து ஒரு ஆம்புலன்ஸ் மேல் விழுந்தது. கல்மழை தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில், என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். உடைந்த பக்கத்துத் தோளை. நான் போட்ட கூச்சலில் வரிசையே திரும்பியது.

வழக்கு நடக்கிறது. வாட்ச்மேனுக்கு அந்தக் காதில் கேட்பது குறைந்துவிட்டது; அவர் போட்டது தனி வழக்கு. என் கணவர் ஜாமீனில் வந்து, நாகர்கோவிலில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். என் பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் உத்தரவு. அவரை அடித்தவர்கள்மீதும் ஒரு புகார் இருந்தது. போலீஸ் விசாரித்தபோது யாருக்கும் யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. என்னையும் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. பேங்க்காரர் இப்போதும் காலையில் நடக்கப் போகிறார். என்னைப் பார்த்தால் நமஸ்காரம் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விடுவார்.

வண்டி என் பெயரில் பதிவாகியிருந்தது. முறுக்காமல் விட்ட இரண்டு துளை வழியாகப் புயல் மழை உள்ளே இறங்கி, மெத்தை அழுகிப்போயிருந்தது. ஜூலையில், எலும்பு கூடிய பிறகு, ஹவுரா மிஸ்திரிக்குப் போன் செய்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார், பின்பக்க ஏணியையும் ஆட்டோவில் கட்டிக்கொண்டு. கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு என்னையும் மேலே வரச் சொன்னார். “பாருங்க தீதி, அடியில் சட்டம் இல்லாத இடத்தில் துளை போட்டிருக்கிறார். வெறும் தகரம். ஹைவேயில் காற்று தூக்கியிருந்தால் பின்னால் வருகிறவன் தலை போயிருக்கும்.” டிஷ்ஷைக் கழற்றி, பழைய துளைகளைத் தகரம் வைத்து அடைத்து, ஒரு சாண் தள்ளி, அடியில் இரும்புச் சட்டம் ஓடுகிற இடத்தில் புதிதாக மாட்டினார். நாலு போல்ட்டையும் என்னையே முறுக்கச் சொன்னார். “வழியில் தளர்ந்தால் நீங்கள்தானே ஏற வேண்டும்.” அன்று அவர் வாங்கிய அறைக்காக நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது, ஸ்பேனரை நீட்டி, “இன்னும் அரைச் சுற்று” என்றார்.

பெரிய வண்டி ஓட்ட லைசென்ஸ் எடுக்க எனக்கு நாலு மாதம் ஆனது. டிசம்பரில் மகள் வந்தாள். இரண்டு பேருமாக மேதினிபூர் பக்கம் கடற்கரைக்குப் போனோம். சவுக்கு மரங்களுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, நெட் வருகிறதா என்று பார்த்து, மீன் பொரித்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் அவள் கடலைப் பார்த்தபடி, வங்காளத்தில் பேச ஆரம்பித்தாள். மனசில் இருப்பதைப் பேச வேண்டுமென்றால் அவளுக்கு வங்காளம்தான் வரும்.

போன வருஷம் ஹாஸ்டலில் கூட இருந்த பெண்ணை அடித்துவிட்டாளாம். ஏதோ சார்ஜர் தகராறு. ஸ்டீல் தட்டை எடுத்து முகத்தில். அந்தப் பெண்ணுக்குப் புருவத்தில் ஐந்து தையல். “யோசிக்கவே இல்லைமா. கை தானாகப் போனது. அடித்த பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.”

அதைச் சொல்லிவிட்டு அவள் தன் வலது கையை மடியில் வைத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். நீ அப்பா மாதிரி இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அவளும் அதற்குத்தான் காத்திருந்தாள். அதற்குப் பதிலாக, அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அவளிடம் சொன்னேன். முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. திட்டவும் இல்லை. “அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னும் சாரி சொல்லலமா” என்றாள், தமிழில்.

“நம்பர் இருக்கா?”

“இருக்கு.”

போனை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டு வண்டிக்குள் போனாள். நான் வெளியிலேயே மணலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் குரல் ஹிந்தியில் தாழ்வாகக் கேட்டது. நடுவில் அழுகை. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. போனில் அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்திருப்பாள். நல்லதாகப் பேசியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். மகள் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.